ஆறுக்கு ஐந்து

"அம்மா, கதவைத் திற!"

வாசலிலிருந்து வந்த குரலைக் கேட்டதும் ரக்னாவின் கையிலிருந்த இரும்புச் சட்டி நழுவித் தரையில் விழுந்து அலறியது. வறுபட்டுக்கொண்டிருந்த காப்பிக்கொட்டைகள் சமையலறை முழுக்கச் சிதறி ஓடின. சுடச்சுட அவற்றை மிதித்துக்கொண்டே அவள் வாசலுக்கு ஓடினாள். அது சிவர்ட்டின் குரல். கனத்துத் தொடங்கி, முடியும்போது லேசாகக் கரகரக்கும் குரல். இருபத்தொரு வருடமாக அவள் கேட்ட குரல்.

கதவைத் திறந்தாள். படியில் நின்றது நீல்ஸ், இளையவன். அவனுக்குப் பின்னால் கறுப்புத் துணி போர்த்திய குதிரை வண்டி. வண்டியில் ஒரு பெட்டி. சிவர்ட் பெட்டிக்குள் இருந்தான்.

பிள்ளைகள் இருவருக்கும் ஒரே குரல். மாட்டுக்கொட்டகையிலிருந்து யார் கூப்பிட்டாலும், "எவன்டா அது?" என்று கேட்ட பிறகுதான் அவள் பதில் சொல்வாள். இருட்டு மாடிப்படியில் நின்று "நான் சிவர்ட்" என்று சொல்லி, அண்ணன் பங்கு ரொட்டியையும் வாங்கித் தின்ற பயல்தான் இந்த நீல்ஸ்.

"அம்மா, கொண்டாந்துட்டோம். எங்க வைக்க..."

"பேசாதே."

"அம்மா..."

"வாயை மூடுடா. நான் சாகுற வரைக்கும் இந்த வீட்ல நீ வாயைத் திறக்கக் கூடாது. காதுல விழுந்துச்சா?"

நீல்ஸ் வாயை மூடிக்கொண்டான். பத்தொன்பது வயது. மூன்றாவது ஆட்டத்தில் உடைந்த மூக்கு கோணலாகவே ஒட்டியிருந்தது. அம்மா எதற்காகச் சொல்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். தலையை மட்டும் அசைத்துவிட்டு வண்டிக்குத் திரும்பிப் போனான்.

வேலிக் கதவிலிருந்து வாசல்படிவரை ஹால்வர் ஸ்ப்ரூஸ் மரக்கிளைகளை வெட்டிப் பரப்பிக்கொண்டிருந்தான். சாவு வீட்டுக்கு அதுதான் அடையாளம். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டிருந்தான். மனைவியின் கூச்சல் அவனுக்கும் கேட்டது.

"ஏன் அவன்கிட்ட எரிஞ்சு விழற? வியாழக்கிழமை ஆடப்போற புள்ள. அவன் மனசு நல்லா இருக்கணும்," என்றான்.

ரக்னா உள்ளே போய், மண்டியிட்டு, காப்பிக்கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினாள்.

*

செப்டம்பர் கடைசியில் தொடங்கிய ஆட்டப் பருவம். பிள்ளைகள் படித்த கார்விக் கல்லூரி ஏழு ஆட்டம் ஆடி ஏழிலும் ஜெயித்திருந்தது. அயோவா மாநிலத்தில் இதுவரை எந்தச் சிறு கல்லூரியும் அப்படி ஆடியதில்லை என்று பத்திரிகைகள் எழுதின. எட்டாவது ஆட்டம் நவம்பர் கடைசியில், நன்றி நாளான வியாழக்கிழமை. அதையும் ஜெயித்தால் மாநிலக் கோப்பை.

ஊர்க்காரர்களுக்கு இந்தப் பருவம் எண்களாக ஞாபகம் இருந்தது. ரக்னாவுக்கு அது துவைக்கும் தொட்டி.

ஒவ்வொரு ஞாயிறும் பிள்ளைகள் இருவரும் கல்லூரியிலிருந்து ஒன்பது மைல் வந்து, அழுக்கு மூட்டையைச் சமையலறையில் போடுவார்கள். அரக்கு நிறக் கம்பளிச் சட்டைகள். கல்லூரிக்காரர்கள் அரக்கு நிறத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பது முதல் வாரமே அவளுக்குப் புரிந்துவிட்டது. தண்ணீரில் போடும்வரை ரத்தம் தெரியாது. ஒருவன் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓட, எதிரே பதினோரு பேர் மலைபோல அவன்மேல் விழுந்து நசுக்குவதற்குப் பெயர் ஃபுட்பாலாம். எலும்பு முறிந்தாலும் எழுந்து நிற்க வேண்டும். வெளியே போனவன் அந்த ஆட்டத்தில் மறுபடி உள்ளே வர முடியாது என்பது விதி. அதனால் யாரும் வெளியே போவதில்லை.

இரண்டாவது ஆட்டத்துச் சட்டையின் கைமடிப்பில் ஒரு பல் கிடைத்தது.

"எங்களோடது இல்லம்மா. எதிராளியோடது," என்று சிவர்ட் சிரித்தான். "வேணும்னா கழுவி அனுப்பிச்சிடு."

மூன்றாவதில் நீல்ஸின் மூக்கு. ஐந்தாவதில் சிவர்ட்டின் இடது காது, நாய் கடித்ததுபோல. ஆறாவது ஆட்டத்துச் சட்டையில் ஒன்றுமே இல்லை. ரத்தம் இல்லை. சேறுகூட அதிகம் இல்லை.

அந்த ஞாயிறன்றுதான் சிவர்ட் காப்பியில் உப்பைப் போட்டுக் கலக்கினான். முகம் சுளிக்காமல் கடைசிவரை குடித்தான். வாசலுக்குப் போய், செத்து இரண்டு வருடமான நாயைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். மாடிப்படியில் பாதியில் நின்று, "என் ரூம் எந்தப் பக்கம்?" என்று கேட்டான்.

ஹால்வர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான். "எவளோ ஒருத்தி கண்ணுல பட்டுட்டா. அதான் பய இப்படித் திரியறான்."

திங்கட்கிழமை விடிகாலை, அடிபம்பின் பக்கத்தில் சிவர்ட் வாந்தி எடுத்ததை ரக்னா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு, மடித்து வைத்த சட்டையையும் பன்னிரண்டு ரொட்டியையும் பையில் வைத்து, கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டு, அவனை அனுப்பிவைத்தாள். படிப்பு கெடக்கூடாது, அணியில் இருந்தால்தான் கல்லூரிக்குக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. அந்த வாரச் சனிக்கிழமைதான் ஏழாவது ஆட்டம்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தலை சரியில்லாத பிள்ளையைத்தான் அனுப்பினாளா? அவன் சரியாகத்தான் இருந்தானா? பெட்டி வீட்டுக்குள் வந்த பிறகும் அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு பதில்தான்.

ஞாயிறு மத்தியானம் ஹால்வர் சாவுச் செய்தியோடு வந்தபோது, வண்டியிலிருந்து இறங்குவதற்கு முன்பே சொன்னது ஒரு கதை.

"ஸ்டான்டிஷ்காரங்க அஞ்சு பேரு அவன்மேல விழுந்தானுங்க, ரக்னா. எழுந்திருக்கவே இல்ல. டாக்டர் ஓடினாரு. தலை தெளிவா இருக்கான்னு பாக்க, 'ஸ்கோர் என்னப்பா?'ன்னு கேட்டாரு. நம்ம புள்ள படுத்த வாக்குலயே சொல்லியிருக்கான். 'ஆறுக்கு அஞ்சு. நாமதான் முன்னாடி.' சொல்லிட்டு எழுந்து நின்னான் பாரு, மைதானமே எழுந்து நின்னுச்சு! அதுக்கப்புறம் பன்னிரண்டு நிமிஷம் ஆடினான். நான் கண்ணால பாத்தேன்."

"இப்ப எங்க அவன்?"

ஹால்வர் அப்போதுதான் தொப்பியைக் கழற்றினான்.

*

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குள் முன்னறை நிறைந்துவிட்டது. அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள், சர்ச்சுப் பெண்கள், அரக்கு நிறச் சட்டையில் ஐந்து ஆட்டக்காரர்கள். ஹால்வர் பெட்டியின் தலைமாட்டில் நின்று, உள்ளே வந்த ஒவ்வொருவரிடமும் அதே கதையைச் சொன்னான். ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் வளர்ந்தது. படுத்த வாக்கில் சொன்னவன், பதினோராவது ஆளிடம் சொல்லும்போது சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தான்.

பக்கத்துப் பண்ணை போர்கில்ட் ரக்னாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மனசைத் தேத்திக்கோ. உனக்கு இன்னொருத்தன் இருக்கான். எனக்கு இருந்ததே ஒண்ணுதான், அதுவும் டிப்தீரியாவுல போச்சு."

"அப்ப என்னோடதுல ஒண்ணை எடுத்துட்டுப் போயேன்."

போர்கில்ட் கையை விட்டுவிட்டாள்.

ரக்னா இளையவனைப் பார்த்தாள். சுவரோரமாக, தரையைப் பார்த்தபடி நின்றிருந்தான். யார் துக்கம் விசாரித்தாலும் தலையசைத்தான். இவனுக்கு ஆகியிருந்தால் என்ன என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. தோன்றியதற்காக அவள் வெட்கப்படவில்லை.

பதினொரு மணிக்கு வெளியே மோட்டார் வண்டிச் சத்தம் கேட்டது. குதிரைகள் மிரண்டன. கோச் டன்லாப்பும், கல்லூரித் தலைவர் பெண்டில்டனும் இறங்கினார்கள். பெண்டில்டன் வெள்ளைத் தாடியும் மெல்லிய குரலும் கொண்டவர். டன்லாப்புக்கு முப்பது வயதுகூட இல்லை. கையில் ஒரு பந்து.

சனிக்கிழமை ஆடிய பந்து. அதன் தோல்மீது வெள்ளை வண்ணத்தில் எழுதியிருந்தது: கார்விக் 6, ஸ்டான்டிஷ் 5. ஜெயித்த பந்தில் ஸ்கோரை எழுதி வைப்பது அங்கே வழக்கம்.

டன்லாப் அதைப் பெட்டிக்குள், சிவர்ட்டின் கைகளுக்கு நடுவே வைத்தான். ஹால்வர் விம்மினான். ஆட்டக்காரர்களில் ஒருவன், "பெயின்ட் இன்னும் காயலடா, கோட்டுல ஒட்டப்போகுது," என்று பக்கத்திலிருந்தவனிடம் கிசுகிசுத்தான்.

"மிஸஸ் ஹாகன், ஒரு நிமிஷம்," என்றார் பெண்டில்டன்.

சமையலறையில் ரக்னாவும் ஹால்வரும், வந்த இருவருமாக நான்கு பேர் நின்றார்கள். பெண்டில்டன் உள்பையிலிருந்து தட்டச்சு செய்த ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். கீழே ஹால்வரின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது.

"இன்னிக்கு ஆறு மணிக்கு ஆசிரியர் கூட்டம்," என்றார். "பாதிப் பேரு வியாழக்கிழமை ஆட்டத்தை நிறுத்தணும்ங்கறாங்க. ஃபுட்பாலையே எடுத்துடணும்ங்கறாங்க. அப்பா அம்மா ரெண்டு பேரும் சம்மதிச்சா நடத்தலாம்னு பேசி வெச்சிருக்கோம். உங்க கையெழுத்து மட்டும்தான் பாக்கி."

"என்ன எழுதியிருக்கு? எனக்கு உங்க பாஷைல படிக்க வராது. நார்வே எழுத்துத்தான் தெரியும்."

அவரே படித்தார். "எங்கள் மகன் முழுச் சுயநினைவோடும் தன் விருப்பத்தின்படியும் ஆடினான். யார்மீதும் எங்களுக்குக் குறை இல்லை. அவன் நினைவாக வியாழக்கிழமை ஆட்டம் நடக்க வேண்டும் என்பதும், அதில் அவன் தம்பி ஆட வேண்டும் என்பதும் எங்கள் ஆசை."

"இது யார் ஆசை?"

"உங்க ஆசைதான்மா," என்றான் டன்லாப்.

"நான் எப்ப ஆசைப்பட்டேன்?"

"ரக்னா, பெரியவங்ககிட்ட எதிர்த்துப் பேசாதே," என்றான் ஹால்வர்.

"ஏன், நீல்ஸ் இல்லாம ஆட முடியாதா?"

டன்லாப் தொப்பியை விரல்களில் சுழற்றினான். "சிக்னல் கொடுக்கறதே அவன்தானம்மா. அவன் குரலுக்குத்தான் மத்த பத்துப் பேரும் நகர்வாங்க. ரெண்டு மாசமாப் பழகின குரல். சிவர்ட் இடத்துக்கு ஆள் போட்டுட்டோம். அது பிரச்சினை இல்ல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. பெண்டில்டன் இருமினார்.

ரக்னா தாளைத் தள்ளிவைத்தாள். "முழுச் சுயநினைவுன்னு எழுதியிருக்கீங்க. அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அதான் ஸ்கோரைச் சொன்னானே!" என்று மூன்று ஆண்களும் ஏறக்குறைய ஒன்றாகச் சொன்னார்கள்.

"நீங்க யாராவது காதால கேட்டீங்களா?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹால்வர் பார்வையாளர் பலகையில் இருந்தான். டன்லாப் மைதானத்தின் எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்றான். பெண்டில்டன் அன்றைக்கு ஊரிலேயே இல்லை.

"டாக்டர் கீச் கேட்டாரு," என்றான் டன்லாப். "அவர் நேரா சர்ச்சுக்கு வராரு. நீங்களே அவர்கிட்ட கேளுங்க."

"கேக்கறேன். கேட்டுட்டுத்தான் பேனாவைத் தொடுவேன்."

*

பெட்டியைத் தூக்க ஆட்டக்காரர்கள் ஐந்து பேரும் நீல்ஸும் குனிந்தார்கள். பக்கத்துக்கு மூன்று பேர். இடப்பக்கம் முன்னால் நீல்ஸ். குனிந்தவர்கள் அப்படியே நின்றார்கள். யாரும் தூக்கவில்லை. எல்லாரும் எதற்கோ காத்திருந்தார்கள்.

"நீல்ஸ், எண்ணு," என்று டன்லாப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

நீல்ஸ் அம்மாவைப் பார்த்தான். ரக்னா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வாயைத் திறக்கவில்லை.

"டேய், எண்ணுடா. ரெண்டு மாசமா எண்ணத்தானே செஞ்சே?"

அப்போதும் எண்ணவில்லை. கடைசியில் ஒருவன் தூக்கினான். அவனைப் பார்த்து இன்னொருவன். பெட்டி ஒருபக்கம் சாய்ந்தது. உள்ளே ஏதோ நழுவி மரத்தில் மோதிய சத்தம் அறை முழுக்கக் கேட்டது. பந்துதான். எல்லாருக்கும் அது தெரியும். ஆனாலும் இரண்டு பெண்கள் வீறிட்டார்கள். பெட்டியின் மூலை கதவு நிலையில் இடித்து, வெள்ளைப் பூச்சு உதிர்ந்தது. பிறகு டன்லாப்பே "ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணிக்கொண்டு முன்னால் நடந்தான். ஸ்ப்ரூஸ் கிளைகள்மேல் பன்னிரண்டு கால்கள் தாளம் தப்பிப் போயின.

"உன் தம்பிக்கு ரொம்பத்தான் அழுத்தம்," என்று போர்கில்ட் பெட்டியைப் பார்த்துச் சொன்னாள். "அண்ணனைத் தூக்க ஒரு எண்ணிக்கை சொன்னா வாய் வலிக்குமா?"

சர்ச்சில் பாஸ்டர் வேதத்தைக் கொஞ்ச நேரமும், ஆட்டத்தைக் கூடுதல் நேரமும் பேசினார். "மரணத்தின் வாசலில் நின்றபோதும் இந்த இளைஞன் என்ன சொன்னான்?" என்று கேட்டு நிறுத்தினார். முன்வரிசையில் ஒரு சிறுமி சத்தமாக, "ஆறுக்கு அஞ்சு!" என்றாள். யாரோ சிரித்துவிட்டார்கள். பாஸ்டரும் லேசாகச் சிரித்தார். ஹால்வர் பெருமையோடு திரும்பிப் பார்த்தான். நீல்ஸ் எழுந்து வெளியே போனான். சர்ச்சுக்குப் பின்னால் அவன் வாந்தி எடுக்கிற சத்தம் உள்ளேவரை கேட்டது. கூட்டம் பாட்டைக் கொஞ்சம் உரக்கப் பாடியது.

நிலம் இறுகிப் போயிருந்தது. காலையில் வைக்கோலை எரித்து மண்ணை இளக்கித்தான் குழி வெட்டினார்களாம். குழியின் ஓரமெல்லாம் கரி. பெட்டியை மூடி ஆணி அடிக்கும் முன், டன்லாப் குனிந்து சிவர்ட்டின் கைகளுக்கு நடுவிலிருந்து பந்தை எடுத்தான். கோட்டின்மேல் வெள்ளை வண்ணத்தில் ஓர் '6' தலைகீழாக ஒட்டியிருந்தது.

"கல்லூரி அலமாரியில வைக்கணும்," என்று ஹால்வரிடம் சொன்னான். "நூறு வருஷம் இருக்கும். இங்க போட்டா மக்கிப் போயிடும்."

"ஆமாமா. அங்கதான் இருக்கணும்," என்றான் ஹால்வர்.

மண் விழுந்து முடிந்ததும் ரக்னா டாக்டர் கீச்சின் முன்னால் போய் நின்றாள். வயதான மனிதர். நான்கு நாளாகத் தூங்காதவர்போல இருந்தார். தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டார்.

"அவன் நிஜமாவே சொன்னானா, டாக்டர்?"

"சொன்னான்மா."

"உங்க காதால?"

"என் காதால. தம்பி மடியில தலை வெச்சுப் படுத்திருந்தான். கண்ணு சொருகியிருந்துச்சு. கூட்டம் ஒரே கத்தல். நான் வாளிப் பக்கம் திரும்பிப் பஞ்சை நனைச்சுக்கிட்டே, 'ஸ்கோர் என்ன சிவர்ட்?'னு கேட்டேன். பதில் சொல்லலைன்னா தூக்கிட்டுப் போங்கடான்னு சொல்ல வாயைத் திறந்துட்டேன். பின்னால குரல் கேட்டுச்சு. 'ஆறுக்கு அஞ்சு. நாமதான் முன்னாடி.' தெளிவான குரல். நடுக்கமே இல்ல." அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். "அந்தக் குரலை மட்டும் நான் கேக்காம இருந்திருந்தா, அவனை அப்பவே வெளியே கொண்டுவந்திருப்பேன். என்னை மன்னிச்சிடுங்க. ஆனா அப்படிப் பேசற ஒருத்தனுக்குத் தலை கலங்கியிருக்கும்னு எந்த டாக்டரும் சொல்ல மாட்டான்."

"கலங்கல?"

"கலங்கல."

"முன்னாடி வாரமே கலங்கியிருந்தா? வீட்லயே... ஏதாவது தப்பா..."

"அப்படி இருந்திருந்தா அன்னிக்கு ஸ்கோரு ஞாபகம் இருக்காதும்மா. நிச்சயமா இருக்காது."

இரண்டு நாளாக ரக்னாவின் விலா எலும்புக்கடியில் இருந்த ஏதோ ஒன்று தளர்ந்து இறங்குவதுபோல இருந்தது. உப்பு போட்ட காப்பி, செத்த நாய், அடிபம்பு எல்லாம் சின்னதாகிப் போயின. பிள்ளை சரியாகத்தான் இருந்திருக்கிறான். சரியான தலையோடுதான் வீட்டிலிருந்து போனான். சரியான தலையோடுதான் எழுந்து நின்றான். அவனாகத்தான் ஆடினான்.

"பேனாவைக் கொடுங்க," என்றாள்.

மோட்டார் வண்டியின் எஞ்சினை மூடிய தகட்டின்மேல் தாளை வைத்து, நார்வே எழுத்தில் பெயரைப் போட்டாள். தகடு சூடாக இருந்தது. டன்லாப் தாளை ஊதிக் காயவைத்தான். நீல்ஸ் கல்லறைச் சுவரோரம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஓரடி முன்னால் வந்தான். வாய் திறந்தது. மறுபடி மூடிக்கொண்டது.

"நாளைக்குக் காலையில பயிற்சி, நீல்ஸ். சட்டையைத் துவைச்சுக் கொண்டா," என்றான் டன்லாப். பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வண்டியில் ஏறினான்.

*

வெளிச்சம் குறைவதற்கு முன் துவைத்துவிட வேண்டும். வெந்நீர் காய்ந்துகொண்டிருந்தது. ஹால்வர் முன்னறையில் கடைசியாக வந்த இரண்டு பேருக்குக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். ரக்னா மூட்டையைப் பிரித்தாள். இரண்டு அரக்குச் சட்டைகள். ஒன்று வியாழக்கிழமைக்கு வேண்டியது. இன்னொன்று யாருக்கும் வேண்டியதில்லை. இரண்டையும் தொட்டியில் போட்டாள். தண்ணீர் மெதுவாகச் சிவந்தது. எது யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நீல்ஸ் அடுப்புக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தான். அவள் ஒரு கோப்பை காப்பியை அவன் முன்னால் வைத்தாள். தரையிலிருந்து பொறுக்கிய கொட்டைதான். காலையிலிருந்து அவனுக்கு அவள் கொடுத்த முதல் பொருள் அது.

"குடி."

குடித்தான்.

"காலையில கத்திட்டேன். அவன் குரலாட்டமே இருந்துச்சு. தாங்கல."

தலையசைத்தான்.

"இனிமே பேசு. பரவாயில்ல. டாக்டரு சொன்னதைக் கேட்டப்புறம் எனக்கு ஒண்ணும் இல்ல. வயித்துல இருந்த கல்லு இறங்கிடுச்சு." சட்டையைப் பலகைமேல் போட்டுத் தேய்த்தாள். "உன் மடியிலதானே படுத்திருந்தான்?"

மறுபடியும் தலையசைப்பு.

"அப்ப நீதான் கிட்டக்க கேட்டிருப்பே. அதுக்கு முன்னாடி ஏதாவது சொன்னானா?"

நீல்ஸ் கோப்பையைக் கீழே வைத்தான். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, விடு. அந்த ஒண்ணு போதும். எல்லாரும் மாத்தி மாத்திச் சொல்றாங்க. உங்கப்பா சொல்றாரு, பாஸ்டர் சொல்றாரு, அந்தச் சின்னக் குட்டிகூடச் சொல்லுது. ஒருத்தர் வாயிலயும் அது அவன் பேச்சா இல்ல. நீ ஒரே ஒரு தடவை சொல்லுடா. அவன் எப்படிச் சொன்னானோ, அப்படியே."

"வேணாம்மா."

கரகரப்பு அவள் முதுகில் ஓடியது. இந்தத் தடவை அவள் அதை விரட்டவில்லை. கைகளைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டு கண்களை மூடினாள்.

"சொல்லுடா கண்ணு. எனக்காக."

முன்னறையில் ஹால்வர் ஏதோ சொல்ல, வந்தவர்கள் ஆச்சரியத்தில் உச்சுக்கொட்டினார்கள். அடுப்பில் ஒரு விறகு சரிந்தது.

"ஆறுக்கு அஞ்சு," என்றது குரல். "நாமதான் முன்னாடி."

தெளிவான குரல். நடுக்கமே இல்லை. ரக்னாவின் முகம் மலர்ந்தது. மூன்று நாளில் முதல் தடவையாக அவள் சிரித்தாள். கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"அப்படியே அவன்தான்."

"டாக்டரும் அவன்தான்னு நினைச்சாரும்மா," என்றான் நீல்ஸ்.